ஒற்றைக் கட்டளை

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜஸ்டின் வந்து சேர்ந்தான். பாடியிலிருந்து ஆவடிக்கு பஸ், அங்கிருந்து குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஷேர் ஆட்டோ. மாடிப்படிக்கு மட்டும் கிருபாகரனின் மனைவி ரேவதி இறங்கிப் போய்க் கையைக் கொடுத்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ஆறு மாதமாக ஃபோனில் மட்டுமே பேசிய மனிதரை இன்றுதான் நேரில் சந்திக்கிறான். வலது கையை நீட்டி நின்றான். கிருபாகரன் அதைப் பிடிக்கவில்லை. முழங்கையால் அவன் தோளில் இடித்து, “கை ஈரம்டா, உட்காரு” என்றான். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் சத்தமாக வாசித்துக் காட்டும் ‘வாசிப்பான்’ என்ற மென்பொருளை ஆறு வருஷத்துக்கு முன் கிருபாகரன் எழுதினான். அம்பத்தூரில் சம்பளத்துக்கு வேலை, வீட்டில் இது. யாரும் காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவனிடம் ஊர் கேட்டதெல்லாம் இதை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்பதுதான். உதவி செய்ய வந்தவர்கள் பதினோரு பேர். தங்கள் கணினியில் அதைக் கட்டி எழுப்பவே பதினாலு படிகள் ஏற வேண்டியிருந்தது. ஏழிலும் ஒன்பதிலும் விழுந்து, வந்த வழியே போனார்கள். நிஜமாக வேலை செய்ய வருகிறவன் எப்படியும் தாண்டி வருவான் என்று கிருபாகரன் சொல்லித் திரிந்தான். தலையில் கொம்பு முளைத்திருந்த காலம் அது.

பன்னிரண்டாவதாக வந்தவன் ஜஸ்டின். ஒன்பதாம் படியில் மாட்டிக்கொண்டு ஃபோன் செய்தான். “அண்ணாத்தே, இங்க ‘படத்துல கீற மாதிரி செய்யவும்’னு எழுதிக்கீற. படத்த நான் எங்க பாக்கறது? கண்ணு தெரியாதவனுக்குன்னு வண்டி செஞ்சிட்டு, அத ஸ்டார்ட் பண்ண கண்ணு தெரிஞ்சவன் வோணும்ன்ற, இன்னா நாயம் இது?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கிருபாகரனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆறு வருஷம் அது அவன் கண்ணில் படவே இல்லை.

அது நடந்தது பொங்கலுக்கு முந்தைய வாரம். பொங்கல் கழிந்த வாரம் நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். இடது கையில் தொடங்கியிருந்தது. வலது கைக்கு வரும், பிறகு கால், பிறகு தொண்டை, மூச்சு. மருந்து நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும். நாற்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டுவிட்டு வந்தவன் முதலில் நினைத்தது ரேவதியை. ஃபேக்டரி வேலையும் குவார்ட்டர்ஸும் அவள் பெயரில் இருந்தன, அது ஒரு ஆறுதல். அடுத்து நினைத்தது வாசிப்பானை. அதற்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. அவன் கை நின்றால், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அதுவும் நின்றுவிடும். பயந்துபோனான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுதான்.

அன்றிலிருந்து பதினாலு படிகளையும் ஒவ்வொன்றாக உடைத்தான். படத்தைத் தூக்கினான். கேள்வி கேட்டு நிற்கும் பெட்டிகளைத் தூக்கினான். இருக்கிறதைத் தானே தேடி, இல்லாததைத் தானே இறக்கிக்கொள்ளும்படி எழுதினான். ஒரு மாலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுத்தது. பங்குனியில் இடது கை மடியை விட்டு எழவில்லை. ஆனியில் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. ரேவதி அடித்துத் தருகிறேன் என்றபோதெல்லாம் எரிந்து விழுந்தான். வாசிப்பானை ஜஸ்டினிடம் ஒப்படைக்க நினைத்திருந்தான். கை போன கதை தெரிந்தால் அவன் பாவப்பட்டு ஒப்புக்கொள்வான், பாவப்பட்டவன் எத்தனை நாள் சுமப்பான் என்பது அவன் கணக்கு. காதும் காதும் வைத்த மாதிரி வைத்திருந்தான்.

ஜஸ்டின் லேப்டாப்பைத் திறந்தான். சோதித்துப் பார்ப்பதற்காகவே எல்லாம் அழித்துத் துடைத்த, வெறும் கணினி. ஒரே கட்டளை, நாலே எழுத்து. தட்டினான். திரையில் ஓடுவதையெல்லாம் லேப்டாப்பின் குரல் படபடவென்று வாசித்துக்கொண்டு போனது, அந்த வேகம் ஜஸ்டினுக்கு மட்டும்தான் பிடிபடும். ஒன்பது நிமிஷம். காபி ஆறிப்போனது. பிறகு ஜஸ்டின் இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

“ஏறிச்சி அண்ணாத்தே! ஒரு எடத்துல நிக்கல!”

“இனிமே நீ பாத்துக்கிறியா? மொத்தமா?”

“நானா? உன்னுது ஆச்சே.”

“உன் பேருக்கு மாத்திடறேன். இப்பவே.”

ஜஸ்டின் சரி என்று தலையை மெல்ல ஆட்டினான்.

உரிமையை மாற்ற, வாசிப்பான் இருந்த இணையதளம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. உரிமையாளர் பெயர், ஒரு சாய்கோடு, மென்பொருளின் பெயர், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் முழுதாகத் தட்ட வேண்டும். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் ஏற்காது. இருபத்தொரு எழுத்து. எல்லாவற்றையும் சுருக்கியவனால் இதைச் சுருக்க முடியவில்லை. ரேவதி சத்தமில்லாமல் அவன் தோளைத் தொட்டுத் தன் விரல்களைக் காட்டினாள். அவன் மாட்டேன் என்று தலையசைத்தான்.

முதல் எழுத்து. வெகுநேரம் கழித்து இரண்டாவது. மூன்றாவதில் ஜஸ்டினின் கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தது.

“மொதல்ல ஃபோன் பேசசொல்ல ரெண்டு கையாலயும் படபடன்னு அடிப்ப,” என்றான். “அப்பால ஒரு கை. போன மாசத்துலேர்ந்து ஒத்த வெரலு. நீயா சொல்லுவன்னு இருந்தேன் அண்ணாத்தே.”

ரேவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கிருபாகரன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பேசாத. விட்டுப்போயிடும்.”

ஜஸ்டின் தன் லேப்டாப்பின் குரலை அணைத்தான். எழுந்து, தடவிப் போய், ஃபேனையும் நிறுத்தினான். நின்ற இடத்திலேயே நின்று ஒவ்வொரு தட்டலுக்கும் வாய்க்குள் எண்ணினான். ஒன்பது. பத்து. பதினொன்று. கிருபாகரனின் சொந்தப் பெயர் முடிந்தது. சாய்கோடும் விழுந்தது. விரல் வாசிப்பானின் முதல் எழுத்தின் மேலே போய் நின்றது, அழுத்தவில்லை. “பன்னெண்டு” என்று சொல்லிவிட்டு, அடுத்த தட்டலுக்காக ஜஸ்டின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.