எள்ளுச் சோறு

1984ஆம் ஆண்டு, ஆடி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு மேல் திருநள்ளாற்றில் இலைகளில் வைக்கப்பட்ட எள்ளுச் சோற்றைக் காகங்கள் தொடவில்லை.

எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். விடியற்காலையிலிருந்து வெளியூர்க்காரர்கள் வைக்கும் சோற்றைத் தின்று அவற்றுக்கு வயிறு நிறைந்துவிடும். பிந்தி வருபவர்களுக்கு இது தெரியாது. சனி தங்களை இன்னும் விடவில்லை என்று கலங்கி நிற்பார்கள். அந்தக் கலக்கத்தில்தான் முத்தையனின் பிழைப்பு இருந்தது. ஒரு காகத்தைப் பிடித்து, இறக்கையை நறுக்கி, வியாழக்கிழமையே கூடைக்குள் கவிழ்த்துப் பட்டினி போடுவான். சனிக்கிழமை அதன் காலில் தூண்டில் நரம்பைக் கட்டி, லாட்ஜுக்குப் பின்னாலிருந்த குட்டிச்சுவரில் உட்கார வைப்பான். யார் வைத்தாலும் பாய்ந்து தின்னும்; வைத்தவர்கள் நிம்மதியாகி அவனுக்குக் காசு கொடுப்பார்கள். வேப்பமரத்துக் காகங்கள் அவனை மட்டும் விரட்டிக் கொத்தின. கூடவே நடக்கும் அவன் மனைவி குஞ்சம்மாவை ஒன்றும் செய்வதில்லை. ஒருமுறை மீசையை எடுத்து, மொட்டையும் போட்டுப் பார்த்தான். மொட்டையிலேயே கொத்தின.

அன்று தருமபுரத்திலிருந்து அஞ்சுகம் வந்திருந்தாள். அவள் கணவர் நடராசனுக்குச் சர்க்கரைப் புண், பாதம் கறுத்துவிட்டது. காலை எடுத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை என்று சொன்ன டாக்டர், சாயங்காலத்துக்குள் முடிவு கேட்டிருந்தார். காகம் சோறெடுத்தால் சம்மதிப்பது என்று அவள் நினைத்துக்கொண்டு வந்தாள். குளத்தங்கரையில் வைத்தாள், தேரடியில் வைத்தாள். சோறு வெயிலில் காய்ந்தது.

“நம்ம சுவத்துல வச்சுப் பாருங்கக்கா,” என்றான் முத்தையன். “இங்க உள்ளது தட்டவே தட்டாது.”

சுவருக்குப் பின்னால் கூடையைத் திறந்த குஞ்சம்மா அடங்கிய குரலில், “வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு. தண்ணியாச்சும் காட்டியிருக்கலாம்ல,” என்றாள்.

“ஆமா, சம்பந்தி வந்திருக்காரு, மோர் கரைச்சுக் குடு. தண்ணியில வயிறு ரொம்பிட்டா சோத்த எவன் திங்கிறது?”

அவன் காகத்தைச் சுவரில் உட்கார வைத்தான், அஞ்சுகம் அதன் முன்னால் இலையை வைத்தாள். காகம் ஒரு பருக்கையைக் கொத்தியது. விழுங்க முடியாமல் உதறியது. மறுபடி கொத்தி, மறுபடி உதறியது. பிறகு அலகைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. அஞ்சுகம் கிட்டே போனாள். வெயிலில் நரம்பு மின்னியது. குனிந்து அதன் காலைப் பார்த்தாள். முத்தையன் வசவுக்குத் தயாரானான்.

“கட்டிப் போட்டுருக்கீங்க. அப்பவும் எடுக்கலையே,” என்றாள் அவள் மெதுவாக.

அதுக்குத் தாகம்க்கா என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பின்னால் சேலத்து வேனில் வந்தவர்கள் இலையோடு நின்றிருந்தார்கள். அவன் சொல்லவில்லை.

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். குஞ்சம்மா கொட்டாங்குச்சியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். காகம் அலகை முக்கி முக்கித் தலையை உயர்த்திக் குடித்தது. பிறகு அஞ்சுகம் வைத்துவிட்டுப் போன இலையில் பாய்ந்தது.

“ஓடிப்போய்ச் சொல்லுங்க. பஸ்ஸு இன்னும் கெளம்பியிருக்காது. எடுத்துருச்சுன்னு சொன்னாப் போதும்.”

“சொல்றேன், சொல்றேன். மொதல்ல அந்த எலையப் புடுங்கு. இத்தன பேரு நிக்கிறாங்க, அதுலயே வயித்த ரொப்பிக்கும்.”

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. சேலத்துக்காரர்கள் வைத்த சோற்றைக் காகம் தின்றது. அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அஞ்சுகம் சம்மதிக்கவில்லை. நடராசன் புதன்கிழமை இறந்தார். கருமாதியன்று தருமபுரத்தில் வைத்த சோற்றைக் காகங்கள் உடனே வந்து எடுத்தன.