லஸ்மினியின் பஞ்சர்

மூன்றாவது முறையும் இபு லஸ்மினி பச்சைப் பொத்தானையே அழுத்தினார்.

ஜாவாவில் சிடோஅர்ஜோ என்ற ஊரில் இருக்கும் இந்த இறால் குளிர்கிடங்குக்குப் புது மென்பொருள் கற்றுத்தர சுராபாயாவிலிருந்து வந்தவள் நான். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போகிறவள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பேனா, நாற்காலி என்று இருந்த பயிற்சிச் சரக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இவர்களுடைய இறாலையும் இவர்களுடைய லாரியையுமே திரையில் ஏற்றியிருந்தேன். கெட்டுப்போன இறால் ஒரு பெட்டியையும் வேண்டுமென்றே வைத்திருந்தேன். அதை ஏற்றச் சொல்லி முதலாளி பாக் குனார்டி பெயரில் உத்தரவு வரும். கிடங்குப் பொறுப்பாளரான லஸ்மினி 'நிராகரி' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"கெட்டுப்போச்சுன்னு திரையிலேயே இருக்கே இபு, பார்க்கலையா?"

"பார்த்தேன் ம்பாக்." அவர் எனக்கு 'இபு', அதாவது அம்மா; நான் அவருக்கு 'ம்பாக்', அக்கா; முதலாளி எல்லோருக்கும் 'பாக்', ஐயா.

"அப்புறம் ஏன் சரின்னு அழுத்துனீங்க?"

"மேல பாக் பேரு இருக்கே. அதுக்குப் பக்கத்துல போய் எப்படி சிவப்பை..." என்று சிரித்துக்கொண்டே இழுத்தார்.

இதுவரை என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். லாரி பஞ்சர் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புவாராம். முதலாளியும் புரிந்துகொண்டு வேறு சரக்கை ஏற்றச் சொல்வாராம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும். யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. நானும் ஜாவாக்காரிதானே, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. திரையில் லாரியை ஏற்றியவள் பஞ்சரை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மென்பொருள் ஓடத் தொடங்கிவிட்டால் டிரைவரிடம் சொல்லி அனுப்ப முடியாது. அழுத்தியவர் பெயர் திரையிலேயே நிற்கும். கெட்ட இறால் கப்பலேறினால் பழி முழுக்க லஸ்மினியின் தலையில்தான் விழும். அதை நினைத்தால் பயமாக இருந்தது. என் பயம் வேறு தனியாக இருந்தது. மென்பொருளை ஏற்றுக்கொண்டதாக இன்று பாக் குனார்டியின் கையெழுத்து இல்லாமல் திரும்பினால் வேலையை மறந்துவிடு என்று என் மேலாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

மாலையில் பாக் குனார்டி வந்தார். எல்லோருக்கும் வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. பாடம் புரிந்ததா என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் புரிந்தது என்றார்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"என்ன ம்பாக் ரத்ரி, திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்ல?"

ஆரம்பிச்சிடலாம் பாக் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இல்லையென்றால் கணினியில் ஏதோ கோளாறு என்று நானும் ஒரு பஞ்சரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் லஸ்மினி கையிலிருந்த பஜ்ஜியைக் கடிக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் பாக். இவங்க இன்னும் தயாராகல. உங்க உத்தரவை மறுக்க யாருக்கும் கை வரலை. நான் பாடத்தைச் சரியாப் போடலை."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பேனாவை மூடினார். பார்க்கலாம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான்; அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். மென்பொருள் தள்ளிப்போகும், அதைக் கற்றுத்தர வேறு யாராவது வருவார்கள். திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். லஸ்மினி மட்டும் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நிஜத்துல சிவப்பை அழுத்துனா அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் இபு. உங்க பேரோட தெரியும்."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். சிவப்பை அழுத்திவிட்டு, பாக் பெயரிலிருந்த அந்த உத்தரவு மறையும்வரை திரையையே பார்த்தார்.

"இன்னொண்ணு போடுங்க ம்பாக்," என்றார்.