சீரில் வந்த பிரெட் மிஷின்

நரம்பில்லாத நாக்கு என்று சொல்வார்களே, அது என் நாத்தனார் கலைமணியின் வாயில்தான் இருக்கிறது. என் புருஷனுக்கு அக்கா. அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே பேசித் தீராததை எல்லாம் குரும்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பேசுவாள்.

ஆவணியில் என் மகளுக்குப் பெரம்பலூர் மண்டபத்தில் காதுகுத்து வைத்தோம். மீன்சுருட்டியிலிருந்து என் அண்ணன் முத்தமிழ்செல்வன் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். பட்டுப்பாவாடை, தோடு, இருபத்தோரு தட்டு, கடைசியாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி. கலைமணி பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டாள்.

“ஏம்ப்பா முத்தமிழு, பிரெட்டுங்கறது காச்சக்காரனுக்குக் குடுக்கறது. ஆஸ்பத்திரிக்குப் போவும்போது வாங்கிட்டுப் போறது. நல்ல காரியத்துல அதச் செய்யற மிஷினக் கொண்டாந்து சீரா வெப்பாங்களா? எந்தம்பி வூட்டுல வருசம் பூரா யாராச்சும் படுத்துக் கெடக்கணுமா?”

சிரித்தார்கள். என் புருஷன் சுரேஷ்குமாரும் சிரித்தார். அண்ணன் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தவைத்து, அது அழுது ஓயும்வரை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பந்தியில் உட்காரவில்லை. தாய்மாமன் கை நனைக்காமல் போன காதுகுத்து எங்கள் வகையறாவில் அது ஒன்றுதான்.

இதில் என்னைக் குத்துவது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மிஷினைக் கேட்டவளே நான்தான். அண்ணன் வாஷிங் மெஷின் வாங்குவதாகத்தான் இருந்தான். மாவையும் தண்ணீரையும் போட்டால் அதுவே பிசைந்து சுட்டுத் தரும் என்று நான் போனில் வீடியோ பார்த்துவிட்டு ஆசைப்பட்டேன். மண்டபத்தில் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. புகுந்த வீட்டுக் கூட்டம் என்று பயம்.

அதன்பிறகு அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பொங்கல் சீரைக்கூடப் தன் பக்கத்து வீட்டுக்காரர் அமாவாசையிடம் கொடுத்தனுப்பினான். போன் செய்தால், “வேல கெடக்கு பாப்பா” என்பான். அவன் மறுபடி வந்து என் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அந்த மிஷினிலேயே நல்ல பிரெட் சுட்டு, கலைமணி வாயாலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லவைத்து, அந்தச் சொல்லோடு அண்ணனைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் பிரெட் வர வேண்டுமே. வீடியோ பார்த்து ஏழு தடவை போட்டேன். ஒருநாள் மாவு பொங்கி வழிந்தது, ஒருநாள் எழும்பவே இல்லை. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகும் என் புருஷன் கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, “பிளாண்டுல கல்லு பத்தலங்கறாங்க, எடுத்துட்டுப் போவட்டுமா?” என்றார். கொஞ்சமும் இங்கிதம் இல்லாத மனுஷர்.

நல்ல புத்தகம் ஒன்று இல்லாமல் இது ஆகாது என்று முடிவு செய்தேன். மாசியில் பெரம்பலூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அன்று பார்த்துத்தானா கலைமணி வந்திருக்க வேண்டும்! நானும் வரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சமையல் புத்தகக் கடையில் பிரெட் மிஷினுக்கென்று மூன்று புத்தகங்கள் இருந்தன. கலைமணி பார்த்ததும் பெரியதைத் தூக்கினாள். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், இருநூற்றைம்பது வகை.

“இத வாங்கு. பாத்தாலே பசி எடுக்குது.”

நான் நாலு பக்கம் புரட்டினேன். எல்லாம் கப் கணக்கு. யார் வீட்டுக் கப்? எங்கள் வீட்டிலேயே நாலு அளவில் டம்ளர் இருக்கிறது. எந்த அளவு மிஷினுக்கு என்பதும் இல்லை. சேர்க்கச் சொன்ன சாமான்களில் பாதி குரும்பலூர் மளிகைக் கடைக்காரர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். எழுதியவர் மிஷினை ஒருதடவையாவது சுவிட்ச் போட்டிருப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது.

“இது வேணாங்க அண்ணி.”

“ஏன், நான் எடுத்ததுனால வேணாமா?”

“ஆமாங்க” என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது புத்தகம் அளவைச் சரியாகத்தான் கொடுத்திருந்தது. ஆனால் எல்லாம் ஒரு கிலோ பிரெட்டுக்கு. என் மிஷின் அரைக் கிலோவுக்கு மேல் தாங்காது. வீடியோக்காரர்களும் ஒரு கிலோ கணக்குதான் சொல்லியிருக்க வேண்டும்; மாவு பொங்கி வழிந்த கதை எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது ஒல்லியாக இருந்தது. படமே இல்லை. மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு எல்லாம் கிராமில், அரைக் கிலோவுக்குத் தனியாக. சித்திரை வெயிலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, ஈஸ்ட்டைக் குறை என்றிருந்தது. கடைசியில் பன்னிரண்டு பக்கம் முழுக்க, எது எதனால் கெட்டுப்போகும் என்று மட்டும். அதில் ஒரு வரி: ‘இது இட்லிக் குண்டான் இல்லை. பிசையும்போது மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பாருங்கள்.’

அங்கேயே நின்றுவிட்டேன். ஏழு தடவையும் நான் மூடியைத் திறக்கவே இல்லை. ஆவி போய்விடும் என்று, குழந்தையைக்கூடக் கிட்டே விடாமல் காவல் காத்தேன். உள்ளே மாவு தளர்ந்து கிடந்ததா வறண்டு கிடந்ததா, எனக்கு எப்படித் தெரியும்?

“இதுதாங்க அண்ணி.”

“படமில்லாத புத்தகத்த வெச்சுக்கிட்டு என்னத்தச் சமைப்ப? வெளங்குனாப்லதான்” என்றாள் கலைமணி. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். நான் ஒல்லிப் புத்தகத்தை வாங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. கலைமணி இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்து எல்லாவற்றையும் நிறுத்தேன். முதலில் தண்ணீர், மேலே மாவு, கடைசியில் ஈஸ்ட். பத்தாம் நிமிடம் மூடியைத் திறந்து தொட்டேன். கையில் ஒட்டியது. ஒரு ஸ்பூன் மாவு தூவினேன். மாவு திரண்டு உருண்டையாகச் சுற்றியது. மூன்று மணி நேரம் கழித்து வீடு முழுக்க வாசனை. பிரெட் பொன்னிறமாக, மெத்தென்று வந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கலைமணி ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

“நல்லாத்தான்டி இருக்கு. கடையில வாங்கறதெல்லாம் இதுக்கிட்ட நிக்காது” என்றாள். எட்டு வருஷத்தில் அவள் என்னை மெச்சியது அன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்கண்ணனுக்கு ஏது வெவரம்? எவனோ தலையில கட்டுனதத் தூக்கியாந்து வெச்சான். நீ கெட்டிக்காரி, அத ஒப்பேத்திட்ட.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“அத எங்கண்ணன் தேர்ந்தெடுக்கல. நாந்தான் கேட்டேன். நான் கேட்டதுக்காக அவன் அன்னைக்குப் பேச்சு வாங்குனான்!”

என் புருஷன் நிமிர்ந்து பார்த்தார். கலைமணி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

“நீ கேட்டதா? அப்ப அன்னைக்கு எம் பக்கத்துலதான நின்ன? வாயில என்ன வெச்சிருந்த? எம் பேச்சு எப்பவும் அப்படித்தான்னு உங்கண்ணனுக்குத் தெரியும். எனக்காக அவன் சாப்புடாமப் போவல தேவயானி. நீ மரமாட்டம் நின்ன பாரு, அதுக்குத்தான் போனான்.”

அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆறு மாதமாக நான் ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். போனை எடுத்து அங்கேயே, அவர்கள் எதிரிலேயே அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அந்த மிஷின நாந்தான் கேட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னுட்டேன். எந்தப்புதான்.”

அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

“பக்கத்துல யாரு இருக்கா?”

“அண்ணியும் அவரும் இருக்காங்க. அவங்களுக்குக் கேக்கற மாதிரிதான் சொல்றேன்.”

“அன்னைக்கு எரநூறு பேரு இருந்தாங்க பாப்பா” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டான்.