படி இல்லாத மாடி

சண்டை ஓய்ந்த மறுவருடமே நகரம் ஊதிப் பெருகத் தொடங்கிவிட்டது. எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவிந்தது. வந்தவர்களுக்கு வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மூச்சில் வேண்டியிருந்தது. கொத்தனார்களுக்கு நல்ல காலம். தையல்காரியின் புருஷனும் கொத்தனார்தான். காலையில் சாந்துக் கரண்டியோடு கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவான்.

பெரிய சாலையோரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். லாரிகள் பெருகிவிட்டன, சாலை போதவில்லை என்று ஒருநாள் இயந்திரம் வந்து வரிசையாக எல்லா வீட்டு முகப்பையும் சீவிக்கொண்டு போனது. இந்த வீட்டில் முன்கூடமும் மாடிப்படியும் போயின. அறைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் வெறும் காற்று.

புருஷன் அன்றைக்கே ஒரு மர ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். மற்றவர்களுக்கு அது போதும். அவளுக்கோ சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போயிருந்தது. படியென்றால் கைப்பிடியைப் பற்றி, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கிவிடுவாள். ஏணியில் இரண்டாவது கம்பிலேயே கால் வழுக்கியது. நல்லவேளை, கீழே நின்ற புருஷன் தாங்கிக்கொண்டான்.

"பக்கத்துச் சந்துல படி கட்டிக்க வீட்டுக்காரர் சம்மதிச்சிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சிடறேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கோ கூரைக்குக் கான்கிரீட். அடுத்த ஞாயிறு பூச்சு வேலை. அதற்கடுத்து மழை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேச்சே வீட்டில் எழவில்லை.

குழாய்த் தண்ணீரை அவன் குடத்தில் தூக்கி வந்து நிரப்பிவிட்டுப் போவான். துணி கொடுப்பவர்கள் கீழே நின்று கூப்பிடுவார்கள். அவள் கூடையைக் கயிற்றில் இறக்குவாள். துணியும் அளவு ரவிக்கையும் மேலே வரும். "மகாராணி தரிசனம் கிடைக்குமா?" என்று சிலர் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள். எதிர்ப்புறத்துக் கட்டடம் வளர வளர ஜன்னலில் வானம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு பட்டப்பகலிலும் பல்பைப் போட்டுத்தான் ஊசி கோக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்துல இன்னைக்கு என்ன வேலை?"

"மாடிப்படி. கீழ் வரிசை முடிஞ்சுது."

"நல்லா வந்திருக்கா?"

"வார்த்தெடுத்த மாதிரி" என்றான் பெருமையாக. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சோற்றைப் பிசைந்தபடி, "கீழ எறங்கி என்ன செய்யப்போற? ஒரே புழுதி. லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறான். நீ மேல இருக்கேன்னு தெரிஞ்சா எனக்கும் நிம்மதியா வேலை ஓடுது" என்றான்.

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இத்தனை நாளும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். மனசே வரவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

மறுநாள், எதிர்க் கட்டடத்தில் கலவை சுமக்கும் சித்தாளைக் கூப்பிட்டாள்.

"உங்க மேஸ்திரிகிட்டச் சாரம் கட்டுன பலகை, கட்டை ஏதாவது மிச்சம் இருக்குமா?"

"எதுக்குக்கா?"

"படி கட்ட."

"அண்ணனே பெரிய கொத்தனாராச்சே."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதிய இடைவேளையில் கூட்டாளிகள் சிலரோடு வந்து, சந்திலிருந்து ஏறி மூலை திரும்பி வாசலைத் தொடும்படி பலகைப் படி ஒன்றை அடித்துக் கொடுத்தாள். கைப்பிடிக்கு ஒரு சவுக்குக் கட்டை. கூலி என்று கேட்டதற்கு, "ஆளுக்கொரு ரவிக்கை தைச்சுக் குடுங்க" என்றார்கள்.

அவள் உட்கார்ந்து நகர்ந்து இறங்கினாள். மண் சுட்டபோதுதான் செருப்பை மாடியில் மறந்தது தெரிந்தது. சுவரைப் பிடித்தபடி சாலைக்கு வந்தாள். எதிர்ப்புறம் நூல் கடை. வேறு யாரோ வாங்கி அனுப்பும் நூல் ஒருநாளும் துணியின் நிறத்தோடு ஒத்துப்போவதில்லை. தானே பார்த்து எடுக்க வேண்டும்.

காத்து நின்றாள். லாரி, பஸ், மறுபடி லாரி. மற்றவர்கள் இடைவெளி பார்த்து ஓடினார்கள். அவளால் ஓட முடியாது. கையைக் காட்டினாள், ஹாரன்தான் பதில் சொன்னது. தலைமுடியெல்லாம் புழுதி படிந்த பிறகு திரும்பி வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

இருட்டும் நேரத்தில் புருஷன் வந்தான். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான்.

"யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"எங்க போயிட்டு வந்த?"

"சாலை வரைக்கும்."

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவன் வாயெடுப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான். சுத்தியலை எடுத்து ஆட்டம் கண்ட ஆணி ஒன்றை இறுக்கினான்.

"காலைல வேலைக்குப் போறப்ப உன்னை அந்தப் பக்கம் கொண்டு விட்டுடறேன்."

"திரும்பி வர்றதுக்கு?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அவள் எழுந்திருக்கக் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. கட்டையைப் பற்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினாள்.