நான்கு கண்களும் சாத்திய கதவும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பெங்களூரில் ஒரு கல்லூரி விழா. குத்துவிளக்கு ஏற்றுவதற்காக மின்விசிறிகளை நிறுத்தி எங்களை வேகவைத்தார்கள். (அங்கே ரோபோ எதுவும் இல்லை. அதை நான் சேர்த்தேன்.)

‘1998. மல்லேஸ்வரத்தில் மாலை வெயில் மெல்ல...’

வேண்டாம். நேராக நிருபமாவிடம் போவோம்.

2

கடைசி வருட மாணவி நிருபமா செய்த ரோபோவுக்குக் கேமரா கிடையாது. வெளிச்சத்தை உணரும் சென்சார்கள் நான்கு, அவ்வளவுதான். வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் திரும்பி, இருட்டறையின் திறந்த வாசல் வழியே அது வெளியேற வேண்டும். நாலு போதாது என்ற துறைத்தலைவர் வெங்கடசாமியிடம், “போதும் சார்” என்று எல்லார் முன்னாலும் அடித்துச் சொன்னவள் அவள்தான்.

தோற்றால் கூட்டாளி நாகேஷும் ஃபெயில். பாஸானால்தான் கிடைத்த வேலையில் அவன் சேர முடியும்.

“நிரு, எங்க வீட்ல ஸ்வீட்டெல்லாம் குடுத்துட்டாங்க. கைவிட்றாதே.”

“சும்னே இருடா.” (சும்மாவுக்குப் பெங்களூர்க் கன்னடம்.) “எங்காத்துல தினம் ஓடறது, இங்க ஓடாதா?”

ஓடியது உண்மை. ஆனால் அம்மா கோமளம் சாயங்காலம் விளக்கேற்றியதும் அது பூஜை அறைக்குள் நுழையப் பார்க்கும். நிருபமா அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சோதிப்பாள். (இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது உறைக்காதா என்று எனக்கே சந்தேகம். எனக்கும் உறைத்திருக்காது.)

3

செயல்விளக்க நாளன்று கல்லூரி அரங்கின் ஜன்னல்களுக்குத் திரை போட்டு, ட்யூப்லைட்டை அணைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ரமா பட்டுப்புடவையில் வந்து குத்துவிளக்கை ஏற்றினார்.

“கதவச் சாத்துங்கப்பா, தீபம் அணைஞ்சிடப் போகுது,” என்றார் வெங்கடசாமி.

சாத்தினார்கள். திரும்பத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

“ஆரம்பிம்மா. விட்டப்புறம் நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது, பேசக் கூடாது.”

நிருபமா சுவிட்சைப் போட்டாள். ரோபோ கதவுப் பக்கம் திரும்பியது, தயங்கியது, பிறகு விளக்கை நோக்கிக் கிளம்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைச் சாத்திவிட்டால் இங்கே வெளிச்சம் விளக்கு மட்டும்தான். விளக்கடியில் ரமாவின் முந்தானை தரையில் புரண்டுகொண்டிருந்தது.

4

முடிவு ஒன்று: பாய்ந்து ரோபோவைத் தூக்கிவிடுகிறாள். நாகேஷின் வேலை போகிறது.

முடிவு இரண்டு: தூக்கவில்லை. விளக்கு சாய்ந்து, ரமாவின்... எனக்கு எழுதக் கை வரவில்லை.

மூன்று: நல்லவேளையாகக் கரன்ட் போய்... எண்ணெய் விளக்குக்குக் கரன்ட் எதற்கு? அடித்துவிட்டேன்.

நிருபமாவின் கை நீண்டுவிட்டது. நாகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். விளக்குக்கு இன்னும் ஓரடிதான் இருக்கிறது.

நீங்கள் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடக் கூடாது என்றது அவர்களுக்குத்தான். கதவைத் திறந்தால் ரோபோவைத் திருப்ப வெளிச்சம் வரும், காற்றும் வரும். சபை நடுவே தீபம் அணைந்தால் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தாழ்ப்பாள் உங்கள் கைக்கு எட்டும்.