பெட்ரோல் இல்லா கார்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது: ‘பெட்ரோல் இல்லா பந்தயக் கார்! கல்வித் தந்தையின் சாதனை!’ கல்வித் தந்தை என்பவர் கல்லூரித் தாளாளர் தங்கப்பாண்டியன். காரைச் செய்தது கடைசி வருஷ மாணவி ஹெப்சிபாவும் அவள் கூட்டாளிகளும். ஒரேயொரு சிக்கல், காருக்குப் பெட்ரோல் வேண்டும்.

ஃப்ளெக்ஸ் அடித்த பிறகு உண்மைதான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த வட்டாரத்து வழக்கம் அது. ஆகவே விழா தொடங்குமுன் டேங்கைக் காலி செய்யச் சொன்னார் தாளாளர்.

“ஹைபிரிட்டுன்னியேம்மா? பேட்டரியிலயே ஓட்டு.”

“சார், பிரேக் பிடிக்கையில வீணாப்போற வேகத்த மோட்டார் கரண்டாக்கி பேட்டரியில சேக்கும். வளைவு தாண்டுனதும் அதே மோட்டார் அந்தக் கரண்ட வாங்கி, இஞ்சினோட சேந்து வண்டியத் தள்ளும். ஃபார்முலா ஒன் காருலயும் இதான். இஞ்சின் இல்லாம வெறும் பேட்டரின்னா செத்த நேரத்துல படுத்துக்கிடும்.”

“ஒரு ரவுண்டு போதும். கைதட்டு வாங்கிட்டு எறங்கு. ஏலாதுன்னா ஆல்வின் ஓட்டட்டும்.”

“எனக்குக் கால் சுளுக்கு சார்” என்றான் அவள் கூட்டாளி ஆல்வின், ஜம்மென்று நின்றுகொண்டு.

ஒரு வருஷமாகத் தூங்காமல் செய்த வண்டி. அதன் முதல் ஓட்டமே பொய்யாகவா இருக்க வேண்டும்?

தாளாளர் மேடையேறினார். பொன்னாடை விழ விழ ஆள் பருத்துக்கொண்டே போனார். பந்தலுக்குப் பின்னால் ஹெப்சிபா பெட்ரோல் கேனைக் காலி டேங்கில் சாய்த்தாள். சுளுக்குக்காரன் ஓடிவந்து புனல் பிடித்தான்.

“ஏட்டி, அவரு ஒன்ன சும்மா விடமாட்டாரு.”

“விடாட்டா போறாரு. நீ புனல நேராப் பிடி.”

இஞ்சின் உறுமியதில் மேடை அதிர்ந்தது. தாளாளர் தாவி மைக்கைப் பிடித்தார். “பயப்படாதீங்க! சத்தம் ஸ்பீக்கர்ல போடுறது!”

மைதானத்தைச் சுற்றிவந்து மேடைக்கு நேரே நிறுத்தினாள். முன்வரிசை மூக்கைப் பொத்தியது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கத்தினாள்:

“சார், பெட்ரோல் வாடையும் ஸ்பீக்கர்லதான் வருதா?”

பந்தலே சிரித்தது. தாளாளர் குனிந்து பல்லைக் கடித்தார். “நாளையிலருந்து இந்த வண்டிய நீ தொடக் கூடாது.”

“நாளையிலருந்துதான சார்? இன்னைக்கு டேங்க்ல நெறைய கெடக்கு.”

ஹெல்மெட்டை மாட்டினாள். முதல் வளைவில் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். வளைவு தாண்டியதும் மோட்டாரும் இஞ்சினும் சேர்ந்து தள்ளின. மைக்கில் அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை.