ஓரத்துப் புள்ளிகள்

...அணைந்துபோச்சு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, அப்படித்தானே ஆராய்ச்சி வழிகாட்டி சார் சொல்கிறார், பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே பக்கத்துக் கறிக்கடை பீப்பாயில் கோழி துடிக்கிற சத்தமும் சுடுதண்ணீரில் முக்கிய இறகின் நாற்றமும் வெண்மதியின் தொண்டைவரை வந்து நிற்கிறது, சிங்கவரத்து வீட்டில் கரண்ட் இல்லை, கம்பி மாற்றுகிறார்களாம், அதனால்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்து சித்தி மகள் மஞ்சுவின் ஜெராக்ஸ் கடையில் இந்த ஆடுகிற ஸ்டூல்மேல்... எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் ஒரு கருந்துளை, வாயுவை விழுங்கி விழுங்கி எக்ஸ்ரேயாக எரிந்துகொண்டிருந்தது, திடீரென்று மங்கியது, இவள் விண்ணப்பம் போட்டு விண்வெளித் தொலைநோக்கியையே அதன் பக்கம் திருப்பவைத்தாள், நேற்று வந்த பதிவில் பாதிக்குமேல் வெளிச்சம் காணோம். அணைந்துவிட்டதா, இல்லை ஒரு மேகம் குறுக்கே வந்து மறைக்கிறதா? அணைந்ததென்றால் பெரிய செய்தி, முதலில் அறிவிக்கிறவருக்குப் பேர், பேர் வந்தால் வேலை, அடுத்த மாதத்தோடு இவள் உதவித்தொகை முடிகிறது... மேகமென்றால்? மேகத்துக்கு எவன் வேலை கொடுப்பான்.

மேகம் மெல்லிய எக்ஸ்ரேயைத்தான் விழுங்கும், வலுவானது துளைத்துக்கொண்டு வந்துவிடும், இரண்டும் சேர்ந்தே விழுந்தால்தான் அணைந்ததென்று அர்த்தம். வலுவானது வந்திருக்கிறது. வலுவானது பதிகிற, வரைபடத்தின் வலது ஓரத்தில் சில புள்ளிகள், மெலிந்து, ஆனால் விழாமல். காலையில் போனில் சார், “அந்த ஓரம் வெறும் இரைச்சல்மா, வெட்டிடுங்க, எல்லாரும் வெட்டுறதுதானே, இன்னிக்கே அறிவிக்கணும், ஜெர்மனிக்காரங்க முந்திடுவாங்க” என்றார். எல்லாரும் வெட்டுவதுதான், இரைச்சல் மிகுந்த ஓரத்தை வெட்டுவது தொழில்முறைதான், ஆனால் இரைச்சலைக் கழித்த பிறகும் நிற்கிற புள்ளியை வெட்டுவதற்குப் பேர் என்ன? அவரைச் சொல்வானேன், அவர் வாய் திறப்பதற்கு முன்பே, நேற்றே, இவள் விரல் ஒருமுறை வெட்டிப் பார்த்தது, கோடு அழகாகத் தரையைத் தொட்டது, சந்தோஷமாக இருந்தது, த்தூ... ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க வரும் வியாபாரியின் ஆள், சாக்கில் இரும்புக் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பவன், நல்ல மணி இருக்கிற பக்கம் குத்தவே மாட்டான், ஈரம்பட்ட மூலையாகத் தேடிக் குத்தி உள்ளங்கையில் ஏந்தி, பாத்துக்க, சொத்தை என்பான், கையில் இருப்பது சொத்தைதான், சொன்னதில் பொய்யில்லை, மூட்டை சுமந்து தோள் காய்த்த நைனா, இவளைப் பெற்றவர், அவன் போனபிறகு காறித் துப்புவார், இப்போது அந்தக் குத்தூசி எவள் கையில்?

“இன்னாடி, மூஞ்சிய வேப்பெண்ணெ குடிச்ச மாதிரி வெச்சிக்கினு இருக்கிற” என்றாள் மஞ்சு, யாருடைய ஆதாரையோ நகலெடுத்தபடி. வானத்துல ஒண்ணு செத்துச்சா இல்லியான்னு சொல்லணும் என்றாள் இவள். “செத்தா இன்னா, காரியத்துக்கா போவப்போற? வெட்டியா குந்தினு இருக்கிறதுக்கு, பக்கத்துல அரை கிலோ கறி சொல்லிட்டு வா.” சிரிப்பு வந்தது, பின்னாலேயே குமட்டல், ஸ்டூலை விட்டு எழவில்லை, ஓரத்துப் புள்ளிகளைத் திரும்பச் சேர்த்தாள், கோடு நிமிர்ந்தது, மேகம்தான், வெறும் மேகம். ‘சார், வலுவான பக்கம் விழல. மறைஞ்சுதான் இருக்கு, அணைஞ்சதுன்னு போட முடியாது’ என்று அனுப்பினாள். அனுப்பியதும் பெருமையாகவா இருந்தது? எரிச்சல்தான் வந்தது, சார்மேல் அல்ல, அந்தக் கருந்துளைமேல், உனக்குச் சாவதற்கென்ன கேடு என்று கேட்கவேண்டும்போல...

பதில் உடனே வந்துவிட்டது. ‘பரவாயில்லமா. உங்களுக்குச் சங்கடம்னா உங்க பேரை எடுத்துட்டு நானே போட்டுக்கறேன். ஓகேவா?’ அந்த ‘மா’, அந்த ‘ஓகேவா’, எச்சில் தட்டைத் துடைத்து நீட்டுகிற மாதிரி ஒரு தன்மை, விண்ணப்பம் இவளுடையது, பதிவு இவளுடையது, எடுக்க இவர் யார்... எடுத்துவிட்டால் பொய் அவருடையது மட்டும், இவள் சுத்தம், இதைத்தானே வேண்டினாள்? குனிந்து பார்த்தாள், ‘சார், என் பேரு’ வரைக்கும் விரல் அடித்துவிட்டிருந்தது. எடுத்துடுங்க என்று முடிக்கத்தான் கிளம்பியதா அது, இல்லை இருக்கட்டும் என்றா... அவளுக்கு நிச்சயமில்லை.